அன்ட்ரூ என்றொரு கொன்ஸ்டபிள்

அத்தியாயம் 5

"நல்ல வளர்ப்பு அக்கா அந்தத் தமிழ்ப் பொடியன். வாசல்லயே சப்பாத்தைக் கழட்டி ஒரு பக்கமா வைச்சிட்டுத்தான் உள்ள வந்தவர்," என்றாள் ரதி.

வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை வேரோனிக்கா அப்படியே மேசையில் இறக்கினாள்.

"ஆர்? அந்தப் பொலிஸ்காரனோ?"

"ஓம். கொன்ஸ்டபிள் அன்ட்ரூ."

"பொலிஸ் உடுப்போட வந்து சப்பாத்தைக் கழட்டினவரோ?"

"ஓம் அக்கா. வெறும் சொக்ஸோட வந்து கதிரையில இருந்தவர். ஏன்?"

மார்க்கம் றோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது வேரோனிக்காவின் துப்பறியும் அலுவலகம். கீழே ரோல்ஸ் பொரியும் வாசம் தரைவழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த இரத்தினவேல் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். ரொறன்ரோ வீதிகளில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். இப்போது வேரோனிக்காவுக்குக் கார் ஓட்டுகிறார். தேவைப்பட்ட இடத்தில் உதவி செய்வார், தேவைப்படாத இடத்தில் கருத்துச் சொல்வார்.

"நானும் இந்த ஊரில கனக்கப் பொலிசைக் கண்டிருக்கிறன் பிள்ளை," என்றார். "சப்பாத்தைக் கழட்டினவர் ஒருத்தரும் இல்லை. குற்றவாளி ஓடினாலும் பரவாயில்லை, கார்ப்பெற் ஊத்தையாகக் கூடாது எண்டு நினைக்கிற பொலிசை இப்பதான் கேள்விப்படுறன்."

ரதி சிரிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். பார்வையாளருக்குக் கொடுக்கும் ஒட்டுத்தாள் இன்னும் அவளுடைய சட்டையில் இருந்தது.

விஷயம் இதுதான். ரதியின் தங்கை சுபாங்கி, மால்வேர்ண் பகுதியில், நிலமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு பேஸ்மென்ற் வீட்டில் புருசன் திலக்சனோடு இருந்தவள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லித் திலக்சன்தான் அம்புலன்சைக் கூப்பிட்டான். தலையில் அடி. இன்னும் கண் திறக்கவில்லை. ரதி பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து ஓடி வந்து, இது விழுந்த காயமில்லை, அவன் அடிக்கிறவன், சுபாங்கி எத்தனையோ தரம் கொன்ஸ்டபிள் அன்ட்ரூவிடம் முறையிட்டிருக்கிறாள் என்று பொலிசுக்குச் சொன்னாள். வழக்கைப் பார்த்த ஸ்டெபனி என்ற விசாரணை அதிகாரி தேடிப் பார்த்துவிட்டு வந்து, அப்படி ஒரு கொன்ஸ்டபிளும் இல்லை, அந்த வீட்டிலிருந்து ஒரு முறைப்பாடும் வந்ததில்லை என்றாள். அதற்குப் பிறகு ரதி சொன்ன எதையும் அவர்கள் பாதிக் காதோடுதான் கேட்டார்கள்.

"அவன் கட்டிலடியில இருந்து அழுதுகொண்டிருக்கிறான் அக்கா. புருசன் எண்ட படியா டொக்டர்மார் எல்லாம் அவனிட்டத்தான் கேக்கினம். எனக்கு அந்த அன்ட்ரூவைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ. அவர் வந்து ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

துப்பறியும் லைசென்ஸ் எடுக்க முன்னர் வேரோனிக்கா பல வருசம் கோட்ஸில் வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மற்றவர்களுடைய பொய்யையும் மெய்யையும் ஒரே குரலில் சொல்லிச் சொல்லி, எது எங்கே உறுத்துகிறது என்று அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

"நீங்கள் அவரை எத்தினை தரம் கண்டனீங்கள்?"

"ஒருக்காத்தான். ஜூலையில. நான் தங்கச்சி வீட்டில நிக்கேக்க வந்தவர்."

"தனியவோ?"

"தனிய."

"நாரியில, பெல்ற்றில, துவக்கு இருந்ததோ?"

ரதி யோசித்தாள். "தெரியேல்லை. ஜக்கற் போட்டிருந்தவர். நல்ல வெக்கை. பேஸ்மென்ற் வேற. கழட்டச் சொன்னன், மாட்டன் எண்டிட்டார். வேர்த்து ஊத்தினது, பாவம்."

"சப்பாத்தைக் கழட்டுறார், ஜக்கற்றைக் கழட்டமாட்டார்," என்றார் இரத்தினவேல். "மேல் கீழ் மாறின பொலிஸ்."

"என்ன கதைச்சவர்?"

"தங்கச்சியின்ர கை அடிபட்டுக் கண்டிப்போய் இருந்தது. போனில படம் எடுத்தவர். 'அக்கா, நீங்கள் ஓம் எண்டு சொன்னா இண்டைக்கே கேஸ் போடுறன்' எண்டவர். அவள் இப்ப வேண்டாம் எண்டிட்டாள். 'சரியக்கா, உங்கட விருப்பம்' எண்டிட்டுப் போட்டார். பொலிஸ் எண்டா இப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு நான் நினைச்சன்."

வேரோனிக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள்.

"காரில வந்தவரோ?"

"மூலையில விட்டிருக்கிறன் எண்டு சொன்னவர். ஆனா..." ரதி தயங்கினாள். "சொன்னாச் சிரிப்பீங்கள். அவர் போன பிறகு நானும் தங்கச்சியும் ஜன்னலால பாத்தம். பேஸ்மென்ற் ஜன்னல்தானே, வெளியில போறவையின்ர கால் மட்டும்தான் தெரியும். அவற்ற கால் ரெண்டும் பஸ் ஸ்ரொப் பக்கம் போச்சு. பிறகு ஓடித் திரும்பி வந்தது. சட்டெண்டு திரும்பித் திரும்பவும் ஓடினது. வரவரக் கெதியா. என்னடி உவர் செய்யிறார் எண்டு கேட்டன். றோட்டைச் செக் பண்ணுறார்போல எண்டாள். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சம். கன நாளைக்குப் பிறகு அவள் சிரிச்சது அண்டைக்குத்தான்."

இரத்தினவேல் எழுந்துபோய் ரதிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கடைசியா எப்ப வந்தவராம்?" என்று வேரோனிக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஓகஸ்ற்றில. தான் ஒரு பயிற்சிக்குப் போறதாகவும், இனித் தன்ர இடத்துக்கு வேற ஒபிசர் வருவார் எண்டும் சொன்னவராம். அவள் பாத்துக்கொண்டு இருந்தவள் அக்கா. ஒருத்தரும் வரேல்லை."

மறுநாள் சனிக்கிழமை காலை. இரத்தினவேலின் பழைய கொறோலா கார் ஸ்காபரோவின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் மரியாதை செய்து போய்க்கொண்டிருந்தது.

"அவன் பொலிஸ் இல்லை அண்ணை," என்றாள் வேரோனிக்கா.

"அது எனக்கும் விளங்கினது. சப்பாத்திலயே விழுந்திட்டான்."

"குடும்பச் சண்டை எண்டு போற பொலிஸ் தனியப் போறேல்லை. ரெண்டு பேர் போவினம். நாரியில துவக்கு இல்லாததை மறைக்கத்தான் அந்த வெக்கையில ஜக்கற். காரும் இல்லை. வந்தது பஸ்ஸில."

"பஸ்ஸில போன பொலிஸ் எண்டா எனக்கு மரியாதை கூடுது. சரி, அந்தக் கால் ஏன் அங்கயும் இங்கயும் ஓடினது? சில்லறை துலைச்சவனோ?"

"பஸ் வர நேரம் இருந்திருக்கும். பழகியிருக்கிறான்." வேரோனிக்கா அவர் பக்கம் திரும்பினாள். "பொலிசுக்கு ஆள் எடுக்கேக்க ஒரு ஓட்டம் இருக்கு. ரெண்டு கோடு போட்டிருப்பினம். ஒரு கோட்டில இருந்து மற்றக் கோட்டுக்கு மணியடிக்க முன்னம் ஓடிப் போகவேணும். திரும்பி வரவேணும். போகப் போக மணி கெதியா அடிக்கும். பொலிசில இருக்கிறவன் றோட்டில நிண்டு இந்த ஓட்டத்தைப் பழகமாட்டான். பொலிஸ் ஆக ஆசைப்படுறவன் பழகுவான்."

இரத்தினவேல் விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்தார். "அப்ப பொலிஸ் இல்லாத பொலிசை எங்க தேடப் போறம்?"

"பொலிஸ் ஆகப் போறவை ஓடிப் பழகுற இடத்தில. நேற்றுப் பின்னேரம் முழுக்கப் போன் அடிச்சன். தமிழ்ப் பொடியளுக்கு இதைப் பழக்குறவர் இந்தப் பக்கம் ஒராள்தான் இருக்கிறார்."

அந்த ஒராள் மாக்கஸ். மன்னார்க்காரர், முன்னாள் சிறைக் காவலர், மொட்டைத் தலை. ஒரு கத்தோலிக்கக் கோவிலின் பின்மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் கேட்டு வாங்கி, பொலிசுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டிருந்தார். இவர்கள் உள்ளே போனபோது ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு ஸ்பீக்கர் பீப் என்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"ஆருக்கு அன்ரி? மகனுக்கோ?" என்றார் மாக்கஸ்.

"எனக்குத்தான்," என்று இரத்தினவேல் முந்திக்கொண்டார். "என்னென்ன தகுதி வேணும்?"

மாக்கஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர். "பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கவேணும்."

"அது மூண்டு தரத்துக்கு மேல முடிஞ்சுது."

"சிற்றிசன், இல்லாட்டி பேர்மனன்ற் றெசிடன்ற். ஹைஸ்கூல். கார் லைசென்ஸ். கண், காது நல்லா இருக்கவேணும். முதலுதவி படிச்சிருக்கவேணும். பெரிய குற்றப் பதிவு ஒண்டும் இருக்கேலாது. ஓட்டமெல்லாம் சின்ன விஷயம் ஐயா. ஓடினா உடம்பு வந்திடும். நல்ல நடத்தை எண்டு ஒண்டு இருக்கு, அதிலதான் கனபேர் விழுறது. பழைய முதலாளி, அயலவை, கூடப் படிச்சவை எண்டு எல்லாரிட்டையும் போய்க் கேப்பினம். ஒரு பொய் பிடிபட்டாலும் முடிஞ்சுது."

"அப்ப நான் வீட்டை போறன். என்ர மனுசியிட்டக் கேட்டா அவ்வளவுதான்."

மாக்கஸ் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு பெருமையோடு ஓடுகிறவர்களைக் காட்டினார். "எத்தினையோ பேரைப் பழக்கியிருக்கிறன். இந்த வருசம் என்ர பிள்ளையள்ல ஒருத்தனுக்கு வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு தரம் எடுபடாமப் போனவன். மூண்டாந்தரம் எடுபட்டிட்டான். வேலை கிடைச்ச பிறகும் வந்து மற்றப் பிள்ளையளுக்கு உதவி செய்யிறான். அந்தச் சாம்பல் ரீசேட்."

சாம்பல் ரீசேட் போட்டவன் உயரமாக, ஒல்லியாக, அலட்டல் இல்லாமல் ஓடினான். கூட ஓடிய பெட்டை ஒருத்தி மூச்சு வாங்கிப் பின்தங்கியபோது வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்திலேயே ஓடினான்.

பேர் என்ன என்று வேரோனிக்கா கேட்கவில்லை. கோட்டின் அருகே போய் நின்று, மாக்கஸைப் பார்த்தபடி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"நாங்கள் சுபாங்கியின்ர ஆக்கள்."

பீப் என்றது. எல்லோரும் திரும்பினார்கள். சாம்பல் ரீசேட் மட்டும் நடுவில் நின்றுவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில், வெயிலில், அவனே முதலில் பேசினான்.

"சுபாங்கி அக்கா அனுப்பினவவோ அன்ரி? நான் மெசேஜ் போட்டன். இந்தக் கிழமை முழுக்கப் பதில் இல்லை. ஓகேதானே?"

வேரோனிக்கா அவனை ஏமாற்றிப் பிடிக்கத் தயாராக வந்தவள். அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். சுபாங்கி எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று உள்ளபடி சொன்னாள்.

அன்ட்ரூ நடைபாதை விளிம்பில் குந்தினான். கொஞ்ச நேரம் தன் ஓட்டச் சப்பாத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"பேரையாவது மாத்திச் சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார் இரத்தினவேல்.

"அது எனக்குத் தோணேல்லை அங்கிள்."

"எப்பிடித் தொடங்கினது?" என்றாள் வேரோனிக்கா.

அவன் ஒரு பிளாசாவில் செக்யூரிட்டி வேலை செய்தான். கடும் நீலச் சட்டை, தோளில் பட்டி. பனி கரைந்துகொண்டிருந்த ஒரு நாள், கார் நிறுத்துமிடத்துக்குள் ஒரு பெண் ஓடி வந்து அவனுடைய கையைப் பிடித்தாள். உதடு வெடித்திருந்தது. "தம்பி, நீங்கள் பொலிஸ்தானே?" என்று கேட்டாள். அந்தக் கிழமைதான் பொலிசிலிருந்து இரண்டாம் தடவையும் இல்லை என்று பதில் வந்திருந்தது.

"ஓம் எண்டிட்டன் அன்ரி. ஒரு சொல்லுதான். நான் பிளான் பண்ணேல்லை. ஆனா நான் ஓம் எண்ட உடன அவ அழுகையை நிப்பாட்டிட்டா. பிறகு எப்பிடி இல்லை எண்டுறது?"

அதற்குப் பிறகு வேலை முடிந்து அதே சட்டையோடு, மேலே ஒரு கறுப்பு ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, திலக்சன் இல்லாத நேரங்களில் போய்ப் பார்த்தான். சொன்ன நாளில் சொன்னபடி போனான். கேட்டு எழுதினான். படம் எடுத்தான்.

"பொலிசின்ர கடமை என்னெண்டு எனக்கு நல்ல பாடம் அன்ரி. சமாதானத்தைக் காக்கிறது. குற்றம் நடக்காமத் தடுக்கிறது. பாதிக்கப்பட்டவைக்கு உதவி செய்யிறது. நான் அதைத்தான் செய்யிறன் எண்டு நினைச்சன்."

"ஒண்டை விட்டிட்டீர்," என்றாள் வேரோனிக்கா. நேற்று ரதிக்கு முன்னால் சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னாள். "வீட்டுக்குள்ள புருசன் அடிச்சிருக்கிறான் எண்டு கண்டா, உண்மையான பொலிஸ் அந்தப் பொம்பிளையின்ர விருப்பத்தைக் கேக்கிறேல்லை. அவ வேண்டாம் எண்டு காலில விழுந்தாலும் கேஸ் போட்டே ஆகவேணும். அது இஞ்சத்தைய சட்டம். கோட்ஸில எத்தினை பொம்பிளையள், 'நான் கேக்கேல்லை, அவை தாங்களாப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்' எண்டு அழ, நான் மொழிபெயர்த்திருக்கிறன் தெரியுமோ? உண்மையான பொலிஸ் சப்பாத்துக் காலோட வந்திருக்கும். மரியாதையாவும் கதைச்சிராது. ஆனா முதல் நாளே திலக்சன்ர கையில விலங்கு விழுந்திருக்கும்."

அவன் குனிந்தபடியே, "தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"அந்தச் சட்டம் எனக்குத் தெரியும் அன்ரி. தெரிஞ்சுகொண்டுதான் உங்கட விருப்பம் எண்டு சொன்னனான். நான் எப்பிடிக் கேஸ் போடுறது? அவ இப்ப வேண்டாம் எண்டு சொல்லுற ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு வந்தது."

இரத்தினவேல் வாயைத் திறந்தார். எப்போதும் போல ஒரு பகிடி வரும் என்று வேரோனிக்கா நினைத்தாள். வந்தது வேறு.

"உம்மட இடத்துக்கு வேற ஒபிசர் வருவார் எண்டு சொன்னீராம். ஆர் தம்பி அந்த வேற ஒபிசர்?"

"ஒருத்தரும் இல்லை அங்கிள்."

மண்டபத்துக்குள் பீப் ஒலி கெதியாகிக்கொண்டிருந்தது. காலடிகள் சடசடத்தன.

"வேலை கிடைச்ச மெயில் வந்தது. இனிப் போகக்கூடாது எண்டு நினைச்சன். அவசரத்துக்கு அடிக்கிற நைன் வன் வன்னுக்குப் பேர் சொல்லாம அடிச்சும் பாத்தன். நீ ஆர், உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்க வெளிக்கிட்டினம். வைச்சிட்டன்."

"எடுத்த படங்கள்?"

அவன் தலையை ஆட்டினான். "மெயில் வந்த அண்டைக்கே அழிச்சிட்டன். எழுதி வைச்சதையும் கிழிச்சிட்டன்."

வேரோனிக்காவுக்குக் கை ஓங்கலாம்போல இருந்தது. அதே நேரம் அவனைப் பிடித்து எழுப்பவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ரதி கேட்ட சாட்சி இவன்தான். சுபாங்கியின் உடம்பில் இருந்த காயங்களைக் கிழமைக்குக் கிழமை கண்ட ஒரே ஆள். கோட்ஸில் இவனை ஏற்றினால் மற்றப் பக்கத்து வக்கீல் ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: இத்தனை மாதம் பொய் சொன்னீரே, எப்போது நிறுத்தினீர்?

"நான் வந்து சொன்னா, அக்காவுக்கு உதவுமோ?" என்றான் அன்ட்ரூ.

"தெரியாது."

"எனக்கு என்ன நடக்கும்?"

"பொலிஸ் எண்டு நடிக்கிறது குற்றம். உமக்குத் தெரியும். அந்த வேலை போகும். இனி எந்தப் பொலிசும் உம்மை எடாது."

"நான் வராட்டி?"

"நான் பொலிஸ் இல்லைத் தம்பி. உம்மைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போக என்னால ஏலாது. ரதியிட்டப் போய், ஆளைக் கண்டம், ஆனா வரமாட்டாராம் எண்டு சொல்லலாம். அவ்வளவுதான்."

அவன் எழுந்தான். மண்டபத்துக்குள் போனான்.

நேரம் போனது. பீப் ஒலி நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர்ப் போத்தலோடு வெளியே வந்து கார்களில் ஏறிப் போனார்கள். சாம்பல் ரீசேட்டைக் காணவில்லை.

"மண்டபத்துக்குப் பின்கதவு ஒண்டு இருக்கு பிள்ளை. வரேக்க பாத்தனான்."

"நானும் பாத்தனான்."

"ஓடுறதில கெட்டிக்காரனை, ஓடுறதுக்கு விட்டிட்டு நிக்கிறம்."

"துரத்திப் பிடிச்சு என்ன செய்யிறது அண்ணை? அவனாச் சொன்னாத்தான் அதுக்கு ஏதும் பெறுமதி."

இரத்தினவேல் கார்ச் சாவியை விரலில் சுற்றினார். கடைசிக் காரும் போய்விட்டது. அவர் கொறோலாவின் கதவைத் திறந்து உள்ளே இருந்தபோதுதான் மண்டபத்தின் முன்கதவு திறந்தது. அன்ட்ரூ முகம் கழுவி, தலைமயிரை இழுத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பின்னால் மாக்கஸ் கதவடியில் நின்றார். அவன் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டான் என்று அவருடைய முகத்தில் தெரிந்தது. அவர் கை அசைக்கவில்லை, உள்ளே போகவும் இல்லை. அன்ட்ரூ பின்சீற்றில் ஏறி பெல்ற்றைப் போட்டான்.

"போவம் அங்கிள்," என்றான்.

பொலிஸ் ஸ்ரேசன் வரைக்கும் கருத்துச் சொல்ல இரத்தினவேலுக்கு எத்தனையோ இடம் இருந்தது. அவர் றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

ஸ்டெபனி நாற்பது வயதுப் பெண், களைத்த கண். அன்ட்ரூ தன் பெயரையும் தான் செய்ததையும் நின்றபடியே சொல்லத் தொடங்கினான். அவள் இடைமறித்து, இனிச் சொல்வது அவனுக்கு எதிராகவே பயன்படலாம், வக்கீலோடு பேசலாம் என்று நிதானமாகச் சொன்னாள். பேசத் தேவையில்லை என்றான். கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியது.

முன்கூடத்தில் வேரோனிக்காவும் இரத்தினவேலும் காத்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய படம். சீருடையில் சிரிக்கும் இளம் முகங்கள், கீழே ஆள் சேர்க்கிறோம் என்ற வாசகம். இரத்தினவேல் எழுந்து அதற்கு முதுகு காட்டுகிற கதிரையில் மாறி இருந்தார். மதியம் தாண்டி ஸ்டெபனி வெளியே வந்தாள். நின்றபடியே ஆங்கிலத்தில் சொன்னாள். பழக்கதோஷத்தில் வேரோனிக்காவின் மனம் ஒவ்வொரு வசனத்தையும் தமிழாக்கிக்கொண்டே போனது.

அன்ட்ரூ கைது. பொலிஸாக நடித்த குற்றம். கோட்ஸ் திகதி கொடுத்துப் பின்னேரம் விட்டுவிடுவார்கள். ஆள் சேர்க்கும் பிரிவுக்கு அறிவித்தாகிவிட்டது. அவன் கண்ட காயங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கிறது. போனை ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். அழித்த படங்கள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அதற்குக் கிழமைக் கணக்கில் நாள் எடுக்கும்.

"புருசன்?" என்றாள் வேரோனிக்கா.

"அவள் படியில் விழுந்தாள் என்றுதான் அவர் இப்போதும் சொல்கிறார். அன்ட்ரூ பழைய காயங்களைத்தான் கண்டிருக்கிறார். போன ஞாயிறு என்ன நடந்தது என்று இவருக்கும் தெரியாது. இன்றைக்குப் புருசனைக் கைது செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை."

"அவன்தான் இப்பவும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறான்."

"எனக்குத் தெரியும்." ஸ்டெபனி ஒரு கணம் நிலத்தைப் பார்த்தாள். "அந்த அறைக் கதவைச் சாத்தவேண்டாம் என்று தாதிமாரிடம் கேட்டிருக்கிறேன். வேலை நேரம் மாறும்போதும் அடுத்து வருகிறவரிடம் அதைச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன். என்னால் முடிந்தது அதுதான்."

அவள் உள்ளே போய்விட்டாள். வேரோனிக்காவின் போன் அடித்தது. ரதி. இரத்தினவேல் போனையும் அவளையும் பார்த்தார்.

"நான் கதைக்கட்டோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. என்னிட்டத்தான் கேட்டவ."

அவள் வெளியே வந்து படியில் நின்று போனை எடுத்தாள்.

"ஸ்ரேசனிலயோ நிக்கிறீங்கள் அக்கா?"

"ஓம்."

"அன்ட்ரூ கிடைச்சவரோ?"

"கிடைச்சவர். வந்து எல்லாம் சொல்லிப்போட்டார்."

"சொல்லிப்போட்டாரோ? அப்ப கேஸ் போட்டிட்டினமோ?"

"ஒராளுக்குக் கேஸ் போட்டிருக்கினம் ரதி. ஆனா..."

ரதிக்கு அந்த ஆனா கேட்கவில்லை. விம்மி விம்மி அழுதாள். அழுகைக்கு நடுவே பக்கத்தில் யாரிடமோ, "கேஸ் போட்டிட்டினமாம், அந்தப் பொலிஸ் வந்து சொல்லிப்போட்டாராம்," என்றாள். யாரோ அவளைத் தேற்றும் குரலும், தள்ளுவண்டி ஒன்று கடந்து போகும் சத்தமும் கேட்டன. வேரோனிக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு அவள் முடிக்கட்டும் என்று நின்றாள்.

"அக்கா," ரதியின் குரல் திடீரென்று தாழ்ந்தது. "அவன் இப்ப கோப்பி வாங்கக் கீழ போட்டான். திரும்பி வந்திடுவான். பொலிசைக் கெதியா வந்து பிடிக்கச் சொல்லுங்கோ. நான் ஒண்டும் காட்டிக்கொள்ளாம இஞ்சயே நிக்கிறன்."

"ரதி," என்றாள் வேரோனிக்கா. "பக்கத்தில கதிரை ஏதும் இருக்கோ? ஒருக்கா இருங்கோ."